சின்னசாமியின் இடது கை

மாரிகுப்பத்தில் சின்னசாமியைத் தெரியாதவன் ஊருக்குப் புதியவனாகத்தான் இருப்பான். படிப்பு நாலாங்கிளாஸ். அங்கே தங்கச் சுரங்கத்தில் கல் கூடை தூக்க வந்தவர், நாற்பது வயதில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை ஓட்டும் டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எவன் சிபாரிசும் கிடையாது. எத்தனை ஆழத்திலிருந்து வந்தாலும், இடது கையால் லீவரைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே நிற்பவன் தலைத்தொப்பி அசையாமல் நிறுத்துவார்.

ஒரே ஒரு தடவை தவிர. தொண்ணூற்று நாலில், மேலே வந்த கூண்டு தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போதே வெடுக்கென்று குலுங்கி நின்றது. உள்ளே இருந்த தங்கை புருஷன் பெருமாளின் முட்டி இரும்பில் அடிபட்டு நொறுங்கியது. விசாரணையில் சின்னசாமி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "கரண்ட் போச்சு. பிரேக் தானா விழுந்துச்சு. என் கை தப்பு பண்ணாது." அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஏழு வருஷமாக டீக்கடையிலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பெருமாளின் மகள் சுனிதா ஆண்டர்சன்பேட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாள். போய் உட்கார ஆரம்பித்தார். அங்கே ஒரு ஜெட் விமான விளையாட்டு. வலது கையில் விமானத்தைத் திருப்பும் குச்சி, இடது கையில் பவர் லீவர். வேகத்தைக் குறைத்து, மூக்கைத் தூக்கி, படமெடுத்த பாம்புபோல விமானத்தை நிமிர்த்தி, விழாமல் ஊர விட வேண்டும். காலேஜ் பையன்கள் ஒருத்தனுக்கும் வரவில்லை.

"எழுந்திருங்கடா. இரும்புக் கூண்டையே நூல் பிடிச்ச மாதிரி நிறுத்தினவன் நானு. இது இன்னா, பொம்மை!"

பத்து நாள் ஆயிற்று. மூக்கு வானத்தைப் பார்க்கும், விமானம் நிமிரும், அடுத்த நொடி கல் மாதிரி விழும்.

"மாமா, மூக்கு மேல போனா பவர் ஜாஸ்தி குடுக்கணும். நீங்க இழுத்துடறீங்க," என்றாள் சுனிதா.

"நான் தொடவே இல்லம்மா. தானா போச்சு."

"லீவர் உங்க கையிலதானே கீது? தானா எப்படிப் போவும்? இருங்க, திருப்பி ஓட்டிக் காட்றேன்."

விழுந்த விமானம் திரையில் மறுபடி எழுந்தது. மூக்கு ஏற ஏற, ஓரத்தில் பவர் எண் தொண்ணூறிலிருந்து முப்பதுக்கு இறங்கியது.

"பாத்தீங்களா? தப்பே பண்ணாத கையாம்!" என்று சிரித்தவள், என்ன நினைத்தாளோ, பாதியில் நிறுத்திவிட்டாள்.

சின்னசாமி இன்னொரு முறை ஓட்டினார். இந்தத் தடவை திரையைப் பார்க்காமல் கையைப் பார்த்தார். விமானம் நிமிர்ந்த நேரத்தில், வேறு எவனுடைய கையோ போல அது லீவரைப் பின்னுக்கு இழுத்தது. கூண்டு தரையைத் தாண்டி மேலே போய், உச்சியில் கயிறு ஓடும் சக்கரத்தில் மோதினால் கயிறு அறுந்து எல்லாரும் சாவார்கள். கூண்டு ஓட்டுகிற எவனுக்கும் தூக்கத்திலும் இருக்கிற பயம் அது. அந்தப் பயம் அவருக்குக் கையில் இருந்தது. அன்றைக்கும் இதே கைதான்.

வெயிலோடு பெருமாள் வீட்டுக்கு நடந்தார். பெருமாள் காலை நீட்டி உட்கார்ந்து, ஊன்றுகோலின் அடியில் புது ரப்பர் மாட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, அன்னிக்கு கரண்ட் போகல. நான்தான் பயந்து இழுத்துட்டேன்."

"தெரியும் மச்சான்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நான் கீழ விழுந்து கெடந்தேன், மேல பல்பு எரிஞ்சிக்கினு இருந்துச்சு. கரண்ட் போனா பல்பு எரியுமா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உன் நாற்காலி போயிருக்கும். தங்கச்சி புருஷன்னு நீயா ஒரு நாள் வந்து சொல்லுவேன்னு பாத்தேன். டீக்கடையில நீ பேசறது அத்தனையும் என் காதுக்கு வந்துக்கினுதான் இருந்துச்சு." ரப்பரைத் தட்டி இறுக்கினார். "இப்ப வந்துக்கீற. சொரங்கத்த மூடின அப்புறம், உன்கிட்டேர்ந்து போறதுக்கு ஒண்ணும் இல்லாதப்ப."

எழுந்தார். சின்னசாமி தாங்கிப் பிடிக்கக் கை நீட்டினார். பெருமாள் அந்தக் கையைத் தொடாமல் விலகி, கோலை ஊன்றி உள்ளே போனார்.