சரிவில் நிறுத்தும் கார்

"பாஸ், இன்னைக்கும் செத்துக் கெடந்துச்சு" என்றபடி ஜவுபர் நானா எங்கள் மாத்தளைக் கராஜ் வாசலில் வந்து நின்றபோது, பின்கதவு வழியாக ஓடிவிடலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. எங்கள் கராஜுக்குப் பின்கதவு கிடையாது.

முஸ்லிம் பெரியவர்களை எங்கள் பக்கம் நானா என்போம். இந்த நானா எல்கடுவைத் தேயிலைத் தோட்டப் பக்கம் வாடகைக்கு ஹயர் கார் ஓட்டுபவர். தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, எதற்கும் அவருடைய பழைய காரைத்தான் கூப்பிடுவார்கள். மாலையில் ஒழுங்காக ஓடிய வண்டி காலையில் செல்ஃப் எடுக்காது. எங்கோ கரண்ட் கசிந்து, நிற்கிற வண்டியில் பெட்டரி காலியாகிக்கொண்டிருந்தது. அதனால் அவர் வண்டியைச் சரிவில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைப்பார். காலையில் கல்லை எடுத்து, உருட்டிக் கிளப்புவார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோயிருந்தது. புதுப் பெட்டரிக்குப் பெர்மிட் வேண்டும், பெர்மிட்டுக்குப் பெரிய மனிதர் வேண்டும். நானாவுக்குத் தெரிந்த பெரிய மனிதன் நான்தான். இந்தப் பெட்டரி முழுதாகச் செத்தால் கார் ஓட்டமில்லாமல் செங்கல் மேல் ஏறும். அவர் வீட்டு அடுப்பும் அணையும்.

கராஜில் என்னை எலெக்ட்ரிக் பாஸ், அதாவது மின்வேலை மேஸ்திரி, என்பார்கள். ஒயர் வேலையை வேறு யாரும் தொடமாட்டார்கள் என்பதைத் தவிர அந்தப் பட்டத்துக்குக் காரணம் இல்லை.

பெட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, இடையில் டெஸ்ட் லாம்பைப் பிடித்தேன். வண்டியில் எல்லாம் ஓஃபாக இருந்தால் அது எரியக் கூடாது. எரிந்தது, மங்கலாக, கேலியாக. ஃபியூஸ்களைப் பிடுங்கினேன். எரிந்தது. ஹோர்ன் ஒயரைக் கழற்றினேன். எரிந்தது. பெட்டரி கரண்ட் டைனமோவுக்குத் திரும்பாமல் தடுக்கும் கட்-அவுட்டில் பொயிண்ட் ஒட்டிக்கொண்டதோ என்று திறந்து தேய்த்தேன். டைனமோவையே இறக்கி வைத்தேன். அது பாட்டுக்கு எரிந்தது.

"வண்டியில ஏதாச்சும் புதுசா மாட்டுனீங்களா நானா? ரேடியோ, லைட்டு?"

"ரேடியோவா? வீட்டுல பொஞ்சாதி பேசுறதக் கேக்கவே நேரமில்ல பாஸ். வாங்குனபடியேதான் கெடக்கு."

முதலாளி வந்து தரையைப் பார்த்தார். "கழட்டிப் போட்டிருக்கிறதப் பார்த்தா இன்னொரு கார் கட்டலாம் போலருக்கே. முடியுமா, முடியாதான்னு சொல்லு. முடியாதுன்னா அந்த மனுசன்கிட்ட நீயே சொல்லிரு."

இரண்டையும் சொல்லாமல், கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டினேன். நானாவை வண்டியோடு அனுப்பினேன். ராத்திரி சோற்றை ஒதுக்கிவிட்டு, தட்டில் விரலால் ஒயரிங் படம் போட்டுக்கொண்டிருந்தேன். துப்பறியும் கதைகளில் கொலைகாரன் கடைசிப் பக்கத்திலாவது மரியாதையாக வந்து நிற்பான். எனக்கு அதுவும் இல்லை.

இரவெல்லாம் கரண்ட் கசிந்த இடம் விடியற்காலைக் குளிரில் சூடாகத்தான் இருக்கும் என்று தோன்ற, மறுநாள் முதல் பஸ்ஸில் எல்கடுவைக்கு ஏறிவிட்டேன். பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. கல் வைத்தபடி சரிவில் நின்ற வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மல்லாந்து படுத்து டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டேன். தகரம் ஐஸ் மாதிரி இருந்தது. ஓரிடத்தில் மட்டும், பூனைக்குட்டி எழுந்து போன இடம்போல, கதகதப்பு. கராஜில் டெஸ்ட் லாம்பைக் கோத்துவிட்டுத்தான் தேடினேன். கசிகிற கரண்டில் பாதியை அந்த லாம்பே தின்றுவிட்டதால் அங்கே இந்தச் சூடு இல்லை. வெளியே இழுத்தேன். துவைத்து மடித்த வெள்ளைத் துணி. அதற்குள் குட்டிச் சிவப்பு பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

"நானா, இது என்ன?"

"அதுவா? முன்னால இந்த வண்டிய ஓட்டுன முருகையா சாமி படம் வச்சிருந்தாரு. படத்தப் பத்திரமா கோயில்ல குடுத்துட்டேன். வெளக்கு அணையக் கூடாதுன்னு நேரா பெட்டரியில குடுத்திருந்தாரு. மத்தவங்க சாமிக்கு ஏத்துன வெளக்க நான் எப்படி அணைக்கிறது? துணியச் சுத்தி உள்ளுக்கு வச்சேன்."

"வாங்குனபடியேதான் கெடக்குன்னீங்களே."

"அப்படியேதானே கெடக்கு."

கட்டரை எடுத்தேன். தேர்த் திருவிழாவுக்கு மட்டும் கோயில் பக்கம் போகிறவன் நான். ஆனாலும் கை போகவில்லை.

"உங்க வண்டி. நீங்களே வெட்டுங்க நானா."

"உங்க சாமி. நீங்க வெட்டுங்க பாஸ்."

ஆளுக்காள் கட்டரை நீட்டிக்கொண்டு நின்றோம். கொழுந்தெடுக்கப் போன பெண்களில் ஒருத்தி, "என்னங்க, ரெண்டு பேரும் மாலை மாத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கடைசியில் ஒயரை வெட்டவில்லை. பெட்டரிப் பக்கத்திலிருந்து எடுத்து, இக்னிஷன் சுவிட்சில் கொடுத்தேன். சாவி போட்டால் எரியும், எடுத்தால் தூங்கும். மாற்றும்போது விளக்கு ஒரு கணம் அணைந்ததை நானா கவனிக்காததுபோல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஹயர் வந்தாத்தான் முழிக்கும்" என்றார் பிறகு. "எனக்கும் அதே டியூட்டிதான்."

பெட்டரியை இறக்கிக்கொண்டு வந்து சார்ஜ் போட்டுக் கொடுத்தேன். பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து வண்டி கொண்டுவருபவர்களிடம் புதிதாக என்ன மாட்டினீர்கள் என்று மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை. எடுக்க மனசு வராமல் எதை விட்டு வைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்பேன். முதலில் முறைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஏதாவது ஒன்று வெளியே வரும்.

சில மாதம் கழித்து எல்கடுவைக்குப் போனபோது கார் அதே சரிவில் நின்றது. சக்கரத்தடியில் அதே கல்.

"இப்பத்தான் செல்ஃப் எடுக்குதே நானா. இன்னும் எதுக்குச் சரிவுல?"

"எடுக்குது பாஸ், ஒரு கொறையும் இல்ல. உங்க வேலையில எனக்கு முழு நம்பிக்கை" என்று சொல்லிக்கொண்டே, கல்லைக் காலால் இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தார்.