பேசாத வீரனும் வாய் மூடாத கூட்டாளியும்

போன ஞாயிற்றுக்கிழமை மாத்தளைக்குப் பக்கத்து நாலந்தாவுக்கு ஒரு கலியாணப் பேச்சுக்குப் போயிருந்தேன். போன இடத்தில் எனக்கு விளங்கியது என்னவோ படக்கதைகளைப் பற்றித்தான்!

ஆமாம், நான் காமிக்ஸ் படிக்கிறவன். நாற்பத்தெட்டு வயதில்தான். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள்... காத்திருக்கிறேன்.

சிரித்தாகிவிட்டதா? சரி. பேக்கரி வாசலில் பாணுக்குக் கியூவில் நிற்கிற நேரமெல்லாம் இப்போது எனக்குத் துணை ஒரு குதிரை வீரன். தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருப்பான். புத்தகம் முழுக்கத் தேடினாலும் அவன் பேசுவது பத்து வார்த்தை தேறாது. கூடவே ஒரு சமையல்காரன். அவனுக்கு வாய் மூடாது. "எஜமானுக்குக் கோபம் வந்துவிட்டது, ஓடிப்போய்விடுங்கள்!" என்பான். "எஜமான் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அந்தக் குழந்தையின் நினைப்புத்தான்" என்பான். முன்பெல்லாம் எனக்கு அவனைக் கண்டாலே எரிச்சல். கதையை நகர விடுகிறானா, பாருங்கள்!

ஒருநாள் கியூ நகரவில்லை. பொழுது போக வேண்டுமே... சமையல்காரனின் வசன பலூன்களையெல்லாம் பெருவிரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். அவ்வளவுதான், வீரன் காணாமல் போனான்! குதிரையில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். கோபமா, சோகமா, வயிற்றுவலியா — யாருக்குத் தெரியும்?

சரி, கலியாணத்துக்கு வருவோம்.

மாத்தளை டவுனில் இருபது வருஷமாக நான் சட்டை தைக்கக் கொடுக்கும் கடையில் இரண்டு பேர். பாறூக் துணி வெட்டுவார், பேசமாட்டார். சாலிஹ் அளவெடுப்பார், பேச்சை நிறுத்தமாட்டார்; என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவார். "நானா, ஒங்களுக்குக் காலர் கொஞ்சம் பெருசா வைக்கணும்ங்கிறான் பாறூக்" என்பார். பாறூக் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனால், அவர் கையிலுள்ள சோக்குக்கட்டி காலரைப் பெரிதாகத்தான் வரைந்துகொண்டிருக்கும்!

இந்தப் பாறூக்குக்கு நாலந்தாவில் ஒரு மிளகு வியாபாரியின் மகளைப் பேசினார்கள். பெண் டீச்சர். முதல் தடவை சாலிஹ்தான் கூடப் போய் எல்லாவற்றையும் பேசிவிட்டு வந்தார். பெண் வேலையை விட வேண்டாம். ஸ்கூலுக்குக் கிட்டவே வீடு எடுக்கலாம். பாறூக் தினமும் பஸ்ஸில் மாத்தளைக்குக் கடைக்கு வந்து போவார்...

மறுநாளே பெண்ணின் வாப்பா ஆள் அனுப்பிவிட்டார். "மாப்பிள்ள இன்னொருக்கா வரட்டும். அந்தப் பேச்சுக்காரக் கூட்டாளி வர வேணாம்."

சாலிஹின் முகம் செத்துப்போயிற்று. என்னைத் தேடி வந்தார்.

"நானா, நான்தான் கூடப் பேசிக் கெடுத்துப்போட்டேனோ? இவனுக்கு அந்தப் புள்ளய நல்லாப் புடிச்சிருக்கு. இது தட்டிப்போனா வேற பொண்ணே பாக்க மாட்டான். நீங்க பேப்பர்ல எழுதுறவரு. கூடப் போய் இவனுக்காக ரெண்டு வார்த்த பேசுங்க."

பேச்சுத்தானே? ஒரு கை பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். தம்புள்ளை போகும் பஸ்ஸில் ஒரு மணி நேரம். நான் நாலு கேள்வி கேட்டேன். பாறூக் நாலு தடவை தலையாட்டினார்.

நாலந்தாவில் தேத்தண்ணி வந்தது. முட்டையும் கருப்பட்டியும் கிடைக்காத இந்தத் தட்டுப்பாட்டிலும் வட்டிலப்பம் வந்தது. பெண்ணின் வாப்பா சுற்றி வளைக்கவில்லை.

"முன்ன வந்த ரெண்டு எடத்துலயும் கூட வந்தவங்க எல்லாத்துக்கும் சரிண்டாங்க. நாள் வைக்கிற நேரத்துல, புள்ளய வேலய விடச் சொன்னாங்க. அவ அழுத அழுக எனக்குத்தான் தெரியும். இந்தத் தடவ மாப்பிள்ள வாயால கேக்கணும்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முந்திக்கொண்டேன். "பாறூக் என்ன நெனைக்கிறாருண்டா..."

அதற்கு மேல் வரவில்லை! என்ன நினைக்கிறார்? எனக்கு எப்படித் தெரியும்? இருபது வருஷத்தில் என் கழுத்தளவு அவருக்குத் தெரியும். அவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. வெட்கமாகப் போய்விட்டது.

பெரியவர் என்னை விட்டுவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "ஒங்க கூட்டாளி அண்டைக்கி வேல, வீடு எண்டு சொன்னதெல்லாம் நீங்க சொல்லச் சொன்னதா, மவன்?"

பாறூக் கோப்பையைக் கீழே வைத்தார். "இல்ல மாமா. நான் அவனுக்கிட்ட ஒண்டும் சொல்லல்ல."

பெரியவரின் முகம் இறுகிவிட்டது. கதவுத் திரைக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த வளையல் சத்தமும் நின்றது. அட மனிதா, ஒரு பொய் சொன்னால்தான் என்ன?

"ஆனா, நான் மனசுல நெனச்சதத்தான் அவன் சொன்னான்" என்றார் பாறூக். "ஒண்டுகூட மாறல்ல."

பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து, வகுப்பறைக்குப் பழகிய தெளிவான குரல் ஒன்று வந்தது.

"அது போதும் வாப்பா."

திரும்பி வரும்போது அந்தச் சமையல்காரனைத்தான் நினைத்துக்கொண்டேன். அவனைப் போய் வெட்டி வாயாடி என்று வைதேனே! எஜமானின் முகத்தை அவனளவுக்கு யார் பார்த்திருக்கிறார்கள்? சோறு மீந்தால் கவலை, தொப்பி இறங்கினால் கோபம் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகல்லவா வாயைத் திறக்கிறான்! படக்கதை எழுதுகிறவர்கள் மகா கெட்டிக்காரர்கள், ஐயா. பேசாத ஒருவன் மேல் நமக்கு அன்பு வர வேண்டுமென்றால், நமக்கு முன்னாலேயே அவன் மேல் அன்பு வைத்த ஒருவனைப் பக்கத்தில் நிறுத்திவிடுகிறார்கள். மீதியை அவன் பார்த்துக்கொள்கிறான்.

மாத்தளையில் இறங்கியபோது கடை வாசலிலேயே சாலிஹ் நின்றிருந்தார். நடந்ததைச் சொல்ல எனக்கு ஒரே துடிப்பு. எங்கே நிறுத்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். பாறூக் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்தார். சாலிஹ் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார். ஒரே தடவைதான்.

"அல்ஹம்துலில்லாஹ்! எப்படா கலியாணம்?"

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை!