தவளைவாயன் அடையும் நேரம்

கல்யாணராமனுக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. இந்த வருஷத்துக்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுங்கள் என்றார் டாக்டர்.

கல்யாணராமன் ஸ்ரீவராகத்துக்காரர். சர்க்கார் குமாஸ்தா. இருபத்தாறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கப் போகிறவர். தவளைவாயன் என்ற இராப்பறவையை மட்டும் பார்த்ததில்லை. பகலெல்லாம் அது சருகுக்கொத்து மாதிரி அசையாமல் இருக்கும். விடியுமுன் எந்தக் கிளையில் வந்து அடைகிறது என்று பார்த்துவைத்தால்தான் உண்டு.

போனக்காடு எஸ்டேட்டில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலாயுதனுக்கு அது அடையும் இடம் தெரியும். கல்யாணராமன் அடிவாரத்து வித்துராவிலிருந்து நடந்தே மலையேறி, எஸ்டேட் ஆபீஸ் வராந்தாவில் படுத்திருந்து, விடிகாலை நாலரை மணிக்குத் தொழிலாளர் லயத்தில் அவன் வீட்டுக்குப் போனார். அவன் லாந்தருடன் வாசலில் இறங்கிவிட்டான். பின்னால் அவன் மனைவி முத்தாரம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“சாமி ஒத்தையிலயா வந்திருக்கீய?”

“ஆமாம்.”

அவள் புருஷனின் துண்டைப் பிடித்து உள்ளே இழுத்தாள். “ஒத்தை ஐயரு எதுக்க வந்துட்டாக. உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போவும்.”

“அவுகளத்தானட்டி கூட்டிட்டுப் போறேன்!”

“யாரா இருந்தா என்ன? போன சித்திரையில இப்படிப் போயித்தானே ஆனை வெரட்டிச்சு?”

கல்யாணராமன் வாதாடவில்லை. ஊரில் எதிரே ஒற்றைப் பிராமணர் வந்தால் சகுனம் சரியில்லை என்று அவரும் வீட்டுக்குத் திரும்பித் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்தான்.

“நாழியாறதே, வேலாயுதா.”

வெறும் வயிற்றில் தண்ணீர் ஆகாது என்று அவள் அடுப்பு மூட்டினாள். விறகு ஈரம். தேயிலைச் சாயத்தண்ணி கொதித்தபின் அவரிடம் வந்தாள். “சாமி லயத்துக்குப் பின்னால நின்னுக்கிடுங்க. மறுபடி எதுக்க ஆயிரப்படாதுல்லா.”

அவர் பின்னால் போய் நின்றார். கால் கடுத்தது. வானம் வெளுத்துக்கொண்டு வந்தது.

ஈற்றை மூங்கில் காட்டை அடைந்தபோது விடிந்து, இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. வேலாயுதன் லாந்தரை அணைத்தான்.

“அடைஞ்சிருச்சு சாமி. இங்கனதான் இருக்கு. ஆனா விடிஞ்சபொறவு எது சருகு, எது பறவைன்னு எனக்கே தெரியாது.”

கீழே வேலைக்கு ஆள் கூப்பிடும் கொம்பு ஊதினார்கள். அவன் தலையைச் சொறிந்தான். “வாற மாசம் வாங்களேன்.”

“சரி, நீ போ.”

அவன் இறங்கிப் போனான். கல்யாணராமன் ஒரு கல்லில் உட்கார்ந்தார். எங்கும் சருகுக்கொத்துகள். நாற்பது, ஐம்பது இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணில் நீர் வடிந்தது. துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் முறை சலித்துவிட்டது. தாழ்ந்த கிளையில், கொஞ்சம் பருத்திருந்த ஒன்றைத் தவளைவாயன் என்று வைத்துக்கொண்டார். மலையிறங்க வேண்டிய நேரம்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை.