எழுதாமல் விட்ட விரதப் பக்கங்கள்

முதல் வலி ஒரு துவாதசிக் காலையில் வந்தது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை துளைத்துக்கொண்டு போயிற்று. முந்தைய நாள் ஏகாதசி விரதம் என்பதால் சாப்பாட்டின் மேல் எனக்கோ என் மனைவி கோமதிக்கோ சந்தேகமே வரவில்லை. வெறும் வயிற்றில் வாயு ஏறிவிட்டது என்று நாங்களே தீர்மானித்து ஓமக் கஷாயம் வைத்தோம். குடித்தது அப்படியே வெளியே வந்தது.

வலியசாலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் போட்ட சத்தத்தில் ஆட்டோக்காரர் மூன்று முறை திரும்பிப் பார்த்தார். பிரசவ கேஸ் என்று நினைத்திருக்கலாம். என் வயிறும் அதை மறுக்கிற அளவில் இல்லை.

அவசரப் பிரிவில் என்னைப் பார்த்த டாக்டர் ஓர் இளம்பெண். பிறகு கடைசிவரை என்னைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். மலையாளி, எங்களிடம் தமிழைக் கலந்து பேசுவார்.

“நேத்து எந்தா சாப்பிட்டது, சாரே?”

“ஒண்ணும் இல்லை. ஏகாதசி.”

“டிரிங்க்ஸ் உண்டோ?”

நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி முந்திக்கொண்டாள். “அக்ரஹாரத்து மனுஷராக்கும். காப்பியைத் தவிர வேற ஒண்ணும் குடிக்க மாட்டார்.”

“காப்பி எத்தனை?”

கோமதி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

ரத்தம் எடுத்துக்கொண்டு போன பெண் சற்று நேரத்தில் குழாயோடு திரும்பி வந்தாள். ரத்தத்தைச் சுழற்றி வைத்தால் சிவப்பு அடியில் தங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்க வேண்டுமாம். என் குழாயில் மேலே நின்றது வெள்ளை.

“அங்கிளே, இது பிளட்டா, பால்பாயசமா?”

டாக்டர் அவளை முறைத்தார். எனக்கோ அந்த வலியிலும் அவளை என் கட்சியில் சேர்த்துக்கொள்ளத் தோன்றியது.

வெள்ளையாக நின்றது ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் மிதந்து திரியும் கொழுப்பு). மூன்று இலக்கத்திலேயே அடக்கமாக இருக்க வேண்டிய அது எனக்கு நான்கு இலக்கத்துக்குப் போயிருந்தது. அந்த அளவுக்கு ஏறினால் கணையம் வெந்து போகும். அதற்குப் பெயர் கணைய அழற்சி (செரிமான நீரைச் சுரக்கும் கணையம் வீங்கி, தன் நீரால் தானே அரிபடுவது). அழற்சி என்ற சொல்லை அன்றுதான் முதலில் சரியாகப் புரிந்துகொண்டேன். உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள மூட்டும் நெருப்பு அது. என் விஷயத்தில் வீட்டையே கொளுத்திவிட்டது.

ஆறு நாள் வாய்வழியாக ஒன்றும் கிடையாது. கையில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. கூடவே கொழுப்பை இறக்க இன்சுலினும். படுத்தபடி நான் செய்த ஒரே காரியம், சாப்பிட்டவற்றை நினைத்துப் பார்த்தது. சாலைக் கடைத்தெருவில் நேந்திரங்குலைகள் தொங்கும் வரிசை. கிழக்கேகோட்டையில் எண்ணெயிலிருந்து அப்போதுதான் அரித்தெடுத்த வறுவலை, சூட்டோடு காகிதப் பொட்டலத்தில் வாங்கிவந்து என் சட்டைப்பையில் திணிக்கும் அப்பாவின் கை. அந்தச் சூடு நெஞ்சில் படும். இத்தனை வருடங்களுக்குப் பின், ஆஸ்பத்திரி அங்கிக்குள்ளும் அதே இடத்தில் பட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு தாளில் என் வயிற்றைப் படம் வரைந்தார். தாள் போதவில்லை என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“சாரே, தமாசு பின்னே பறையலாம். இன்னொரு தடவை இது வந்தா எனக்கு உங்களைத் திருப்பிக் கொடுக்க முடியணும்னு இல்லே.”

கோமதி என் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிப் பிடித்ததில்லை.

டாக்டர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். தொந்தி என்பது சும்மா தொங்கும் மூட்டை அல்ல. குடலைச் சுற்றி அடைந்த கொழுப்பு, அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களைச் சதா ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. இது கணையத்தில் பிடித்தது போன்ற பெருந்தீ அல்ல, உமியில் கனலும் நெருப்பு, வலிக்காது. அந்தக் கனலில் உடம்பு இன்சுலினின் பேச்சைக் கேட்காமல் போகிறது. சர்க்கரை தங்குகிறது. ஈரல், வேலை தெரியாத சமையல்காரன் மாதிரி, கொழுப்பைத் தயாரித்து ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. கொழுப்பு ஏற ஏறக் கனலும் ஏறுகிறது. எதில் தொடங்கி எதில் முடிகிறது என்று பிரிக்க முடியாது.

இந்தக் கூட்டுக்கு வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதி என்று பெயர். பெருத்த இடுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, ஏறிய ட்ரைகிளிசரைடு, குறைந்த நல்ல கொழுப்பு என்று ஐந்து. மூன்று இருந்தாலே தேர்ச்சி. நான் ஐந்துக்கு ஐந்து. பள்ளிக்கூடத்தில் ஒருபோதும் வாங்காத முழு மதிப்பெண்.

மாத்திரைகளோடு ஒரு நோட்டும் எழுதச் சொன்னார்கள். நாளுக்கு ஒரு பக்கம். வாயில் போடுவது அத்தனையும் அதில் வர வேண்டும். ஒழுங்காக எழுதினேன். இரண்டு இட்லி, ஒரு கரண்டி சாதம், அவியல். இரண்டு பாதாம் பருப்பைக்கூட விடவில்லை. ஆறு வாரம் கழித்துப் போனபோது ட்ரைகிளிசரைடு மறுபடியும் ஏறியிருந்தது. நான்கு இலக்கத்தின் வாசற்படியில் காலை வைத்திருந்தது.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். நடுநடுவே நின்றார்.

“இந்தப் பேஜ் எல்லாம் எந்தா காலியா இருக்கு?”

“விரத நாள். சனிக்கிழமை, ஏகாதசி, அமாவாசை, சஷ்டி.”

“அன்னைக்கு ஒண்ணும் கழிக்கலையா, சாப்பிடலையா? வெறும் வெள்ளம், தண்ணி மட்டுமா?”

“பலகாரம் மட்டும்” என்றேன்.

“அதைச் சொல்லுங்க.”

கோமதி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். விரதத்தில் குறை வைத்ததாக அவளை யாரும் சொல்லிவிடக் கூடாது. “சனிக்கிழமை ராத்திரி அடையாக்கும். நாலு. வெண்ணெயும் வெல்லமும் தொட்டுப்பார். ஏகாதசின்னா கார்த்தால அவல், வெல்லம் போட்டு. மத்யானம் கோதுமை தோசை. மூணு மணிக்கு நேந்திரம்பழம் நெய்யில வாட்டி. சாயங்காலம் ஜவ்வரிசி வடை. ராத்திரி ரவாகேசரி, கொஞ்சம் வறுவல். அவ்வளவுதான். ஒரு பருக்கை சாதம் தொட மாட்டார்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“சாருக்கு அன்னைக்கு வலி வந்தப்போ முந்தின நாள் ஒண்ணும் சாப்பிடலைன்னு சொன்னது இதுதானா?”

நாங்கள் பொய் சொல்லவில்லை. இதைப் படிக்கிறவர்களில் எங்கள் தெருக்காரர்கள் இருந்தால் புரியும். விரதத்தன்று உள்ளே போவது எங்கள் கணக்கில் சாப்பாடே அல்ல. அப்படித்தான் அப்பாவும் நம்பினார்.

அப்பா ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வாரம் முழுவதும் வாய் திறக்காத மனிதர் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு பலகார வாசனை வரும். இது பட்டு மாமி ஆத்து உப்புமா, கடுகு கருகியிருக்கு என்று வாசலில் நின்றே தீர்ப்பு சொல்வார். விரதம் அவருக்கு, ஆனால் அவர் இலையைச் சுற்றி நாங்கள் நான்கு குழந்தைகளும் உட்கார்ந்திருப்போம். அடையின் மொறுமொறுத்த ஓரத்தைப் பிய்த்து வெல்லம் வைத்து ஒவ்வொரு வாயிலும் போடுவார். “சாமிக்கு நான் பட்டினி, எனக்கு நீங்க சாட்சி” என்பார். அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதெல்லாம் அந்தச் சனிக்கிழமைகளில்தான்.

ஐம்பத்தேழு வயதில், ஓர் ஏகாதசி சாயங்காலம், மாரடைப்பில் போனார். நாள் பார்த்துப் போனது பாக்கியம் என்று தெருவே சொன்னது. நாங்களும் அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வருடத்தைக் கடந்தோம். அவருடைய ரத்தத்தை யாரும் குழாயில் நிறுத்திப் பார்த்ததில்லை. அதில் என்ன நின்றிருக்கும் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு, மகனையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள் என்று மட்டும் டாக்டர் சொன்னார். சோதித்தோம். இப்போதைக்கு அவன் தப்பித்திருக்கிறான். உங்கள் வீட்டிலும் சோதித்துவிடுங்கள்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் கோமதியும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். மாத்திரையோடு முழுப் பட்டினி கிடக்கக் கூடாது, பலகாரமும் கூடாது, விரத நாளிலும் மற்ற நாள்போல அளவாகச் சாதம், காய், மோர் என்று டாக்டர் முடிவாகச் சொல்லியிருந்தார்.

“ஏகாதசிக்குச் சாதமா போடச் சொல்றேள் என்னை?”

“பாவம் எனக்குத்தான்டி.”

“போடற கை என்னோடதாச்சே.”

“அப்ப பாதி பாதி.”

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அழுதாள். இத்தனை வருடம் விரதமென்று பார்த்துப் பார்த்து வார்த்ததெல்லாம் இதற்குத்தானா என்று கேட்டாள். என்னிடம் தமாஷ் ஒன்றும் மிச்சமில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள்.

அடுத்த ஏகாதசியன்று ஒரு கரண்டி சாதம் என் தட்டில் விழுந்தது. கரண்டி தட்டின் மேலே ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டுத்தான் இறங்கியது. அவளும் தனக்கு ஒரு கரண்டி போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். “ஒத்தையா எதுக்கு நரகத்துக்குப் போகணும்” என்றாள்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தம் குழாயில் தெளிந்து நின்றது. வேட்டி இப்போது இடுப்பில் நிற்பதில்லை. தாங்கிக்கொண்டிருந்த மேடு போய்விட்டதால், பழவங்காடிவரை காலைநடை போகையில் ஒரு கை அதற்கென்றே வேண்டியிருக்கிறது. நோய் முற்றிலும் போகவில்லை. போகாது என்றும் சொல்லிவிட்டார்கள். உமி எப்போது வேண்டுமானாலும் மறுபடி கனலும். இந்த ஆடியில் எனக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. அப்பா பார்த்திராத வயது. அவர் போட்டுவைத்த பாதை முடிந்துபோய், அதற்கு அப்பாலும் கால் நடந்துகொண்டிருப்பது போல இருக்கிறது.

முன்பெல்லாம் பொழுது என்றால் ஒரு பலகாரத்துக்கும் அடுத்த பலகாரத்துக்கும் நடுவில் இருந்த சின்ன இடைவெளி. இப்போது பதினொரு மணிக்கே வயிறு கூப்பிடுகிறது. சாப்பாட்டுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும். ஐம்பது வருடத்துக்கு மேல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தவனுக்கு, பசி என்றால் இப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. வாசற்கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்துகொள்கிறேன். வெயில் படியேறி வருவதைப் பார்க்கிறேன். ஒரு முற்பகல் இவ்வளவு நீளம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பசிக்கிறது. பசிக்கட்டும்.