வெள்ளிக் கவுண்டருக்கு வந்த பிளாட்டினம் காசு

கும்மிடிப்பூண்டி பஜாரில் நான் சீனியர் சேல்ஸ்மேனாக இருக்கும் நகைக்கடையில், பழைய வெள்ளி எடுக்கும் கவுண்டரிலிருந்து கலைவாணி என்னைக் கூப்பிட்டாள்.

"சார், இந்தக் காசுங்கள்ல ஒண்ணு பாக்க பொடிசா இருக்கு, வெயிட்டு எக்கச்சக்கமா காட்டுது. தராசு பூட்ச்சா?"

தராசைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அது வெள்ளியே இல்லை, பிளாட்டினம். எங்கள் கடையில் அதுவரை விற்றிருந்த ஒரே பிளாட்டினம் காசு. விற்றவன் நான்.

கொண்டுவந்தவர் முருகேசன், பழவேற்காட்டில் மீன்பிடிக்கிறவர். "ஊட்டுக்காரம்மாவுக்கு கம்பெனில வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் குடுத்த வெள்ளிக் காசுங்க சார். பீரோவுல சும்மாதான் கெடக்குது. நாளைக்கு எங்க கல்யாண நாளு. இத்தப் போட்டுட்டு ஒரு கொலுசு குடுங்க. அவளுக்குத் தெரியாது, சர்ப்ரைஸு."

அவர் மனைவி ரேவதியை எனக்குத் தெரியும். சிப்காட் கம்பெனி ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். போன தீபாவளி போனஸோடு வந்து, ஷோகேஸில் யாரும் சீண்டாமல் கிடந்த அந்தக் காசைக் கேட்டார். விற்கும் ஆசையை அடக்கிக்கொண்டு உள்ளதைச் சொன்னேன்.

"யோசிச்சுக்கோம்மா. இது தங்கம் மாதிரி இல்ல. அடகுக் கடையில தொடமாட்டாங்க. விக்கப் போனாலும் எல்லாக் கடையிலயும் எடுக்கமாட்டாங்க. வெல ஏறும், எறங்கவும் செய்யும்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதுதாங்ணா எனக்கு வேணும். தங்கம் வாங்குனா போட் இன்ஜினு ரிப்பேருன்னு அடகுக்குப் பூடுது. இத்த எவனும் வாங்கமாட்டான்னா ஊட்லயே கெடக்கும்ல. அவருக்கு மட்டும் சொல்லிடாதீங்க." சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இப்போது அவர் கணவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் அந்த அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு போகும். வெள்ளி விலைக்கு எடுத்தால் நான் திருடன். முதலாளியின் காதில் போய்ச் சொன்னேன்.

"ரெண்டும் வாணாம்யா. அந்தம்மாவுக்கு போன் போடு. அதுவரைக்கும் இவருக்கு கொலுசு காட்டிக்கினே இரு."

போனில் விஷயத்தைக் கேட்ட ரேவதி, "லோடு எறக்கிக்கினு இருக்கேங்ணா. பர்மிஷன் போட்டுட்டு வந்துர்றேன். அவர எய்ந்திருக்க வுடாதீங்க" என்றார்.

டீ வந்தது. கொலுசுகள் வந்தன. முருகேசன் ஒவ்வொன்றையும் காதருகே ஆட்டிக் கேட்டார். "சத்தம் கம்மியா இருக்கணும் சார். மெஷினு ஓட்றவ, கவனம் பெசகக் கூடாது." கலைவாணி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

ஆரஞ்சு ஜாக்கெட்டும் சேஃப்டி ஷூவுமாக ரேவதி உள்ளே வந்தார்.

"நீ இன்னா இங்க?" என்றார் முருகேசன்.

"என் காச எடுத்துக்கினு நீ இன்னா இங்க?"

ரேவதி தலையசைக்க, நான் காசை உலோகத்தைச் சோதிக்கும் காரட் மீட்டரில் வைத்தேன். திரையில் பிளாட்டினம் என்று வந்தது. அன்றைய விலையைச் சொன்னேன். ரேவதி வாங்கியபோது இருந்ததைவிட நன்றாகவே ஏறியிருந்தது. முருகேசன் காசைப் பார்த்தார், கொலுசைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"இத்தப் போயா கொலுசுக்குப் போட இருந்தேன்" என்று சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. ரேவதி முறைத்துப் பார்த்தார், முடியாமல் அவரும் சிரித்தார். கலைவாணி துப்பட்டாவை விட்டுவிட்டாள். கல்லாவில் முதலாளி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு விலா வலித்தது.

மற்ற காசுகள் நிஜ வெள்ளிதான். அவற்றைப் போட்டு, கையில் இருந்ததையும் சேர்த்து, முருகேசன் சத்தம் குறைந்த கொலுசை வாங்கினார். ரேவதி அங்கேயே ஷூவைக் கழற்றிவிட்டுக் கொலுசைப் போட்டுப் பார்த்தார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். காசு விற்கும்போது தூய்மை, விலை, திரும்ப எடுக்கும் விதி எல்லாம் சொல்வீர்கள். காசை அடைத்து வரும் சீல் அட்டையைப் பிரிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பிளாட்டினம் என்று எழுதியிருக்கிறதே என்று ரேவதி அதைக் கிழித்துவிட்டு, காசை வெள்ளிக் காசுகளோடு போட்டு வைத்திருந்தார். வீட்டில் இன்னொருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்று அவர்களிடமும் அதைத்தான் சொன்னேன். முருகேசன் பொறுப்பாகத் தலையாட்டிவிட்டு, கவுண்டர் மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"சார், எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும். சின்னதா இருந்தா போதும். ஆனா அவளுக்குத் தெரியக் கூடாது."

ரேவதி அவர் தோளை ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தார்.