உயரத்தில் ஒரு சலுகை

என் அண்ணா பெண் மஹிமாவுக்கு உயரம் நாலடி பத்தங்குலம். இருபது வயது முடிந்துவிட்டது, இனி வளரப் போவதில்லை. எங்கள் வீட்டில் யாருமே வளர்த்தி கிடையாது. தாத்தா கல்கத்தாவுக்கு வந்து குடியேறிய காலம் முதல், பரணிலிருந்து எதை எடுப்பதானாலும் ஸ்டூலைத்தான் தேடியிருக்கிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றிருந்தேன். அவள் ஹாக்கி மட்டையைத் தூக்கியதும்தான் ஊரில் ஒவ்வொருவரும் அவளை அளக்க ஆரம்பித்தார்கள்.

லேக் கார்டன்ஸில் மாடியில் அண்ணா குடும்பம், கீழ்ப் பகுதியில் நான். பேங்கில் வேலை பார்க்கும் எனக்கு ஹாக்கியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இருந்தாலும் அவள் ஆடுவதை ஒரு தரம் பார்த்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பந்து அவள் மட்டையோடு ஒட்டிக்கொண்டே போகும். நெட்டைப் பெண்கள் குனிந்து மட்டையை நீட்டுவதற்குள் இவள் அந்தப் பக்கம் போயிருப்பாள். அவளுக்குக் கற்றுக்கொடுத்த ஷிபானி தீதி, இந்த மணிக்கட்டு மாதிரி இன்னொன்றைத் தான் பார்த்ததில்லை என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

மன்னி ராஜலக்ஷ்மி தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். கரியாஹாட்டில் யாரோ விற்ற சத்துமாவை டப்பா டப்பாவாக வாங்கி வந்தாள். எதிர் ஃபிளாட் பெங்காலி மாமி, நாங்கள் காகிமா என்று கூப்பிடுகிறவள், தினம் ஒரு துண்டு மீன் கொடுத்திருந்தால் பெண் இந்நேரம் தென்னை மரமாக நின்றிருப்பாள் என்றாள். மன்னி இரண்டு நாள் யோசித்துவிட்டு முட்டை வரைக்கும் இறங்கி வந்தாள். மஹிமா முட்டையைத் தின்றாள், மாவைக் குடித்தாள், அங்குலம் மட்டும் ஏறவில்லை.

பெண்கள் ஹாக்கியில் ஆட்டத்தை மட்டும் நம்பிச் சாப்பிட முடியாது. ஏதாவது ஒரு பெரிய நிறுவனம் வேலை கொடுத்துத் தன் அணியில் சேர்த்துக்கொண்டால்தான் பிழைப்பு. அப்படி ஒரு பொதுத்துறை நிறுவனம், போன மாசி மாதத்தில் ஆள் எடுப்பதாக அறிவித்தது. அதற்கு முன்னால் எடுத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அடுத்த முறை எடுக்கும்போது மஹிமாவுக்கு வயது தாண்டிவிடும். இது போனால் ஹாக்கியே போயிற்று, அவ்வளவுதான்.

முதல் சுற்றில் அவள் எல்லோரையும் தண்ணி குடிக்க வைத்தாள். தேர்வாளர்களில் ஒருவர் கூப்பிட்டுக் கையைப் பிடித்துப் பார்த்து, இரும்பா எலும்பா என்று கேட்டாராம். உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இறுதிச் சுற்று ஒரு வாரம் கழித்து.

இனிமேல்தான் என் அண்ணா வெங்கடநாராயணன் வருகிறார். மத்திய அரசுக் கணக்குத் துறையில் முப்பது வருடம். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு விதி உண்டு, எல்லா விதிக்கும் ஒரு சலுகை உண்டு, முறைப்படி கேட்டால் கிடைக்கும். சும்மா சொல்லக்கூடாது, இப்படிக் கேட்டுக் கேட்டே எத்தனையோ விதவைகளுக்கு நின்றுபோன பென்ஷனை வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பழக்கத்தில், யாரிடமும் சொல்லாமல், இஸ்திரி போட்ட சட்டையோடு அந்த நிறுவனத்தின் விளையாட்டு அதிகாரியைப் போய்ப் பார்த்துவிட்டார். என் பெண் கொஞ்சம் குள்ளம், திறமையைக் கருதி உயரத்தில் சலுகை காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதிகாரி டீ கொடுத்து, கவனிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினாராம்.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார்.

"ஏன் அண்ணா, உயரத்துக்கு ரூல் இருக்குன்னு உங்கிட்ட யார் சொன்னா?"

"ரூல் இல்லாம ஒரு ஆபீஸ் இருக்குமாடி? நாளைக்கு அதைக் காட்டி வேண்டாம்னுட்டா? முன்கூட்டியே கேட்டு வெச்சுட்டேன். குழந்தைகிட்ட சொல்லாதே, மனசு கஷ்டப்படுவா."

கத்தி என்ன பிரயோஜனம்? சொன்னதைத் திரும்ப வாங்க முடியுமா?

இறுதிச் சுற்றுக்கு மஹிமாவோடு நான்தான் போனேன். முதல் சுற்றில் தரையோடு வந்த பந்துகள் அன்றைக்கு அவளுக்கு மட்டும் தலைக்கு மேல் வந்தன. எட்டி எட்டிப் பார்த்தாள். இருப்பதிலேயே நெட்டையான பெண்ணை அவள் பக்கத்தில் நிறுத்தி இடிக்க விட்டார்கள். அப்படியும் அவள் மூன்று பேரை ஏமாற்றி ஒரு கோல் போட்டாள். கைதட்டியது நானும் தண்ணீர் கொடுக்கும் அம்மாவும்தான். தேர்வாளர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு நின்றார்கள். போன வாரம் அவள் மணிக்கட்டைப் பார்த்தவர்கள், இந்த வாரம் அவள் உச்சந்தலையைப் பார்த்தார்கள். வேலிக்கு வெளியே நின்று என்னால் என்ன செய்ய முடியும்?

பெயர்களை வாசித்து முடித்தார்கள், மஹிமா பெயர் இல்லை. அணியின் மேனேஜர் அம்மாள் எங்களிடம் வந்தாள். நல்ல மனுஷிதான். உயரத்துக்கு வரம்பு என்று எதுவும் கிடையாது, நாங்கள் அதை யோசிக்கவே இல்லை, உன் அப்பாவே வந்து குறையாகச் சொன்ன பிறகு மேலிடத்தில் எல்லோருக்கும் சந்தேகம் வந்துவிட்டது என்று மஹிமாவின் தோளைத் தொட்டு ஹிந்தியில் சொன்னாள். மஹிமா தலையை ஆட்டினாள், தேங்க்யூ கூடச் சொன்னாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் டாக்குரியா தாண்டியதும் மஹிமா, "உனக்குத் தெரியுமா அத்தை?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். அழுதாலாவது அணைத்துக்கொள்ளலாம், அவள் அழவில்லை.

அண்ணா வாசலிலேயே நின்றிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். உயரத்தைத்தான் காரணம் சொன்னார்களா என்று கேட்டார்.

எட்டு வயதில் கையில் எடுத்ததை இழந்துவிட்டு வந்திருக்கிறாள், நாலு வார்த்தை கேட்கட்டும், கேட்க அவளுக்கு உரிமை உண்டு என்றுதான் நினைத்தேன்.

மஹிமா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "ஆமாம்பா, ரூல் இருக்காம். அஞ்சடி வேணுமாம். மேலேர்ந்து வந்த ஆர்டர், ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டா."

அண்ணா முகத்தில் இறுக்கம் விட்டது. விதி என்று ஒன்று இருந்துவிட்டால் அவருக்கு அதில் துக்கம் உண்டு, கோபம் கிடையாது. உள்ளே போய் உட்கார்ந்து, மன்னியிடம் சொன்னார்.

"நல்ல வேளை, நான் போய்க் கேட்டேன். கேக்காம விட்டிருந்தா, ஆயுசு பூரா மனசு உறுத்திண்டே இருந்திருக்கும்."

ஆமாம்பா என்று சொல்லிவிட்டு மஹிமா கை கால் அலம்பப் போனாள்.