பஸ் குளிசை

மடுல்சீமையிலிருந்து பசறைக்குப் போகும் காலை பஸ்ஸில் வாந்தி எடுப்பதை யாரும் நோய் என்று சொல்லமாட்டார்கள். டிக்கட் எடுப்பதைப்போல அதுவும் பயணத்தில் ஒரு பகுதி. கண்டக்டர் கிஷாந்தன் ஒரு கையில் காசும் மறுகையில் சொப்பிங் பேக்குகளுமாகத்தான் நடுவில் நடந்து வருவான். யாருக்கு மலைப்பாதையின் எந்த முடக்கு வளைவில் பேக் வேண்டும் என்பது முகத்தைப் பார்த்தாலே அவனுக்குத் தெரியும்.

யசோதினிக்கு மட்டும் அவன் பேக் நீட்டியதே இல்லை. பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இந்த இருபத்தெட்டு வயதுவரை அந்தப் பாதையில் அவளுக்கு ஒருநாளும் குமட்டியதில்லை. பசறையில் ஒரு போட்டோகொப்பி கடையில் அவளுக்கு வேலை. தமிழும் சிங்களமும் நன்றாக எழுதுவாள் என்பதால் தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் அவள்தான். அதிகம் பேசமாட்டாள். படிவத்தில் உள்ளதைக் கேட்பாள், அவர்கள் சொல்வதை எழுதுவாள்.

"எங்க லயத்துலயே பஸ்ஸுக்கு மசியாத ஆளு என் மருமக ஒருத்திதான்" என்று மாமியார் கருப்பம்மா கொழுந்து பறிக்கும் மலையில் பெருமை பேசித் திரிந்தாள்.

அந்த மருமகள்தான் ஒரு திங்கட்கிழமை மூன்றாவது முடக்கிலேயே வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் தேடினாள்.

"யசோ அக்கா, நீங்களுமா? இனி நான் யாரத்தான் நம்புறது?" என்றான் கிஷாந்தன். பின்சீட்டுவரை சிரிப்பு போய்த் திரும்பியது.

புது டிரைவர்தான் காரணம் என்று நினைத்தாள். மறுநாள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாள் சாப்பிடாமல் போனாள். புளிப்பு மணக்கும் தேசிக்காயை மூக்கில் வைத்துப் பார்த்தாள். எதற்கும் அடங்கவில்லை. கடையில் மெஷினின் சூட்டு வாசனைகூட வயிற்றைப் புரட்டியது. ஒருவேளை வயசு கூடினால் இப்படித்தானோ என்று குழம்பினாள். கர்ப்பம் என்ற நினைப்பு வரவில்லை. அவளுக்கு எப்போதுமே நாள் தள்ளித்தான் வரும். கல்யாணமாகி நான்கு வருடம் எண்ணி எண்ணி ஏமாந்து, எண்ணுவதையே விட்டுவிட்டாள். புருஷன் கஜேந்திரன் கொழும்பில் ஹோட்டல் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவான்.

வெள்ளிக்கிழமை பசறை டவுனில் மொஹிதீன் நானாவின் மருந்துக்கடைக்குப் போய், பஸ்ஸில் குமட்டாமலிருக்க மாத்திரை கேட்டாள்.

"பஸ் குளிசையா? வயித்துல புள்ள கிள்ள ஒண்ணும் இல்லையே, தங்கச்சி?"

பின்னால் இரண்டு ஆண்கள் நின்றார்கள். ஒருவருக்குக் காலையில்தான் படிவம் நிரப்பிக் கொடுத்திருந்தாள்.

"இல்ல" என்றாள்.

சின்ன வெள்ளைக் காகித உறையில் பத்துக் குளிசை. மேலே 'காலை 1' என்று மட்டும் எழுதியிருந்தது. அதைப் போட்ட பிறகு குமட்டல் பாதியாகக் குறைந்து, பசறைவரை தூங்கியும் போனாள். பஸ்தான் காரணம் என்பது இதோடு உறுதியாகிவிட்டது.

எட்டாவது குளிசை போட்டதற்கு மறுநாள் பௌர்ணமிப் போயா விடுமுறை. கடை இல்லை. பஸ் இல்லை என்பதால் குளிசையும் போடவில்லை. அடுப்படியில் கருப்பம்மா ரொட்டியைப் புரட்டிப் போட்ட அந்த வாசனை வந்ததும் யசோதினி எழுந்து ஓடி, லயத்து வீட்டு வரிசையின் சாக்கடைக் கானோரம் குந்திக் குடல் வெளியே வருமளவு வாந்தியெடுத்தாள்.

கருப்பம்மா கையில் ரொட்டித் துண்டோடு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னைக்கு எந்த பஸ்ஸுல போன, புள்ள?"

கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். யசோதினிக்குச் சிரிப்பு வரவில்லை. தலைமாட்டில் இருக்கும் வெள்ளை உறைதான் நினைவுக்கு வந்தது. எட்டுக் குளிசை.

அதைச் சொன்னதும், "அதெல்லாம் கரைஞ்சு போயிருக்கும், விடு" என்றாள் கருப்பம்மா.

பக்கத்து வீட்டுக் காம்பராவின் ஜீவராணி, "எங்க சின்னம்மா மகளும் இப்பிடித்தான் தெரியாம என்னமோ குடிச்சிருச்சு" என்று தொடங்கி, "சரி, இப்ப எதுக்கு அது" என்று பாதியில் நிறுத்தினாள். அந்தப் பாதிதான் இரவெல்லாம் யசோதினியின் நெஞ்சில் கிடந்தது.

கஜேந்திரன் போனில் முதலில் அழுதான். அப்புறம், "குளிசைய உடனே நிப்பாட்டு" என்றான். ஐந்து நிமிடத்தில் மறுபடி எடுத்து, "திடீர்னு நிப்பாட்டினாலும் ஏதும் ஆகுமோ?" என்றான். போனில் அவள் தேடியபோது தமிழில் ஒன்றும் சிங்களத்தில் வேறொன்றும் போட்டிருந்தது. இரண்டையும் நன்றாகப் படிக்கத் தெரிந்ததால் குழப்பமும் இரண்டு மடங்கானது.

மிட்வைஃப் விதானகே மிஸ் சிறுநீரைச் சோதித்துவிட்டுச் சிரித்தாள். தமிழில் வாய்க்கு வராத கதையை யசோதினி சிங்களத்தில் சொல்லி முடித்தாள். அந்தப் பாஷையில் தன்னை வேறு யாரோ போல வைத்துப் பேச முடிந்தது.

என்ன குளிசை என்று கேட்டாள் மிஸ். உறையை நீட்டினாள். அதில் பெயரே இல்லை. மிச்சமிருந்த இரண்டும் வெறும் வெள்ளை. மருந்துக்கடையில் பெயரை எழுதி வாங்கி, வியாழக்கிழமை கிளினிக்கில் டாக்டரிடம் காட்டச் சொன்னாள் மிஸ்.

மருந்துக்கடைக்கு எதிரே யசோதினி இரண்டு முறை நடந்தாள். ஆட்கள் குறையக் காத்திருந்தாள், குறையவில்லை. நானா கேட்காமல் கொடுத்திருந்தால் அவர்மேல் பழி போடலாம். அவர் கேட்டார். இவள்தான் இல்லை என்றாள். அவளிடம் படிவம் நிரப்ப வருகிறவர்களும் அப்படித்தான். பின்னால் ஆள் நின்றால் எந்தக் கேள்விக்கும் சட்டென்று 'இல்லை' என்பார்கள். அவளும் யோசிக்காமல் படிவத்தின் அந்தக் கட்டத்தில் கோடு போட்டுவிடுவாள்.

"நானா, அன்னைக்குக் கேட்டீங்கதானே. இருக்காம். எனக்கே தெரியாம இல்லன்னுட்டேன்."

மொஹிதீன் நானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லணும் தங்கச்சி. இல்லன்னு சொல்றது வேற."

"நீங்க கேட்டதுக்கு ஆமா, இல்ல, ரெண்டுதான் இருக்குன்னு நெனச்சேன்."

அவர் பெட்டியை எடுத்துப் பார்த்து, ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிய எழுத்தில் பெயரை எழுதிக் கொடுத்தார்.

கிளினிக்கில் டாக்டர் பத்மநாதன் அந்தத் துண்டுக் காகிதத்தை ஒருமுறை பார்த்தார். யாழ்ப்பாணத்து மனிதர். "இதுக்கே பிள்ளை இப்பிடி நடுங்குறீர்? வாந்தி கூடினால் நாங்களும் இதைத்தான் குடுக்கிறனாங்கள். பயப்பிடாதேயும். ஆனா இனி கேக்காமல் ஒண்டும் போடப்படாது." ஸ்கேனுக்கு மூன்று வாரத்தில் ஒரு திகதி குறித்தார். அதுவரைக்கும் தண்ணீர்கூடத் தங்காவிட்டால் மட்டும் போடச் சொல்லி ஒரு உறை தந்தார்கள். பிரித்துப் பார்த்தாள். அதே வெள்ளைக் குளிசை.

பயந்து நிறுத்தியதையே மருந்தாகக் கையில் வைத்துக்கொண்டு வீடுவரை வந்தாள். நிம்மதியா, இன்னொரு குழப்பமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. "போடுறதா வேணாமா?" என்று கருப்பம்மா கேட்டதற்கு, "தெரியல அத்தை" என்றாள். அந்த வார்த்தை வாய்க்கு லேசாக இருந்தது.

தண்ணீர் தங்கியது. குளிசை பைக்குள்ளேயே கிடந்தது.

மறு திங்கள் விடியும்போது குமட்டலே இல்லை. வெறும் பிஸ்கட் இரண்டு தின்றாள், அதுவும் உள்ளேயே இருந்தது. பஸ்ஸில் ஏறி மூன்றாவது முடக்கு கடந்தது. ஐந்தாவதும் கடந்தது. நேற்றுவரை இருந்த ஒன்று இன்று ஏன் இல்லை? வயிற்றில் கையை வைத்தாள். அந்தக் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேனுக்கு இன்னும் இரண்டரை வாரம் இருந்தது.

கிஷாந்தன் பக்கத்தில் வந்து, "அக்கா இன்னைக்குத் தேறிட்டீங்க போல" என்று பேக்கைத் திரும்ப மடித்தான்.

"குடு" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒன்பதாவது முடக்கில் முன்சீட்டுக்காரர் கருவாட்டுப் பொட்டலத்தை இந்தப் பக்கம் மாற்றி வைத்தார். அவ்வளவுதான், வயிறு புரண்டு எழுந்தது. பிஸ்கட், தண்ணீர், எல்லாம் பேக்கில். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவளின் முகத்தைக் கிஷாந்தன் விநோதமாகப் பார்த்தான்.

"என்ன அக்கா, வாந்தி எடுத்துட்டு சிரிக்கிறீங்க?"

"தெரியல" என்றாள் யசோதினி, பேக்கின் வாயை இறுக முடிந்தபடி. "இன்னொன்னு இருந்தா குடு."